அப்பாவுக்காக சட்டம்... தனக்காக வானம்! - எட்வின் ஹப்பிள் கதை

வீட்டில் அப்பா ஒரு படிப்பைச் சொல்கிறார். உங்களுக்குப் பிடித்தது வேறு. எதிர்த்துப் பேச மனசு வரல. பேசினாலும் எடுபடாது. சரின்னு தலையை ஆட்டிட்டு அவர் சொன்ன காலேஜிலேயே சேர்ந்துடுறீங்க. இந்த சீன் உங்களுக்குப் பழக்கமானதா? அப்படின்னா எட்வின் ஹப்பிளை உங்களுக்குப் பிடிக்கும். முழுசா பிடிக்குமான்னு மட்டும் என்னால உத்தரவாதம் தர முடியாது.

ஹப்பிள் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது ஒரு டெலஸ்கோப்தான். உங்கள் போனில் என்றைக்காவது கலர் கலரான கேலக்ஸி படத்தை வால்பேப்பராக வைத்திருந்தால், அது அந்த டெலஸ்கோப் எடுத்ததாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு மனிதர் இருந்தார். ஆறடியைத் தாண்டிய உயரம், வாயில் பைப், பேச்சில் ஒட்டவைத்த இங்கிலாந்து உச்சரிப்பு. பிறந்தது என்னவோ அமெரிக்காவின் மிசூரி மாகாணத்தில், மார்ஷ்ஃபீல்டு என்ற சின்ன ஊரில். ஆண்டு 1889, நவம்பர் 20.

அப்பா ஜான் ஹப்பிள் இன்ஷூரன்ஸ் துறையில் இருந்தவர். கறாரான ஆள். பையன் ஓட்டம், தாண்டுதல், பாஸ்கெட்பால் என்று எல்லாவற்றிலும் கில்லி. சிகாகோ பல்கலைக்கழகத்தில் இயற்பியல், கணிதம், வானியல் படித்தார். நோபல் வாங்கப்போகிற மில்லிகனின் ஆய்வகத்தில் உதவியாளராகவும் இருந்தார். வானியலில் ஆசை அங்கேயே வேர்பிடித்துவிட்டது. ஆனால், அப்பாவின் ஆசை சட்டம். 1910-ல் ரோட்ஸ் உதவித்தொகை கிடைத்து ஆக்ஸ்ஃபோர்டு போனவர், அங்கே படித்தது சட்டம்தான். கூடவே கொஞ்சம் ஸ்பானிஷ். ஆங்கிலேய உச்சரிப்பையும் பைப்பையும் தொற்றவைத்துக்கொண்டதும் அங்கேதான். இரண்டும் சாகும்வரை அவரை விட்டுப் போகவில்லை.

1913 ஜனவரியில் அப்பா இறந்துபோனார். ஊர் திரும்பிய எட்வின், இண்டியானாவின் நியூ ஆல்பனி என்ற ஊரில் ஹைஸ்கூல் வாத்தியார் ஆனார். ஸ்பானிஷ், இயற்பியல், கணிதம் சொல்லிக்கொடுத்தார். பாஸ்கெட்பால் டீமுக்கும் அவர்தான் கோச். பசங்களுக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது. அந்த வருட ஸ்கூல் ஆண்டு மலரையே அவருக்குச் சமர்ப்பணம் செய்தார்கள்.

நல்ல விஷயம்தானே? பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம்தானே? ஆனால், பின்னாளில் ஹப்பிள் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை. அந்தக் காலகட்டத்தில் கென்டக்கியில் வக்கீலாகத் தொழில் நடத்தியதாகத்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார். அவர் அங்கே எந்த கேஸும் நடத்தியதற்கு ஆதாரம் இல்லை. அவர் சொன்னதை அப்படியே நம்பி எழுதியவர்கள் உண்டு. உண்மை வெளிவந்தது அவர் இறந்து வெகுகாலம் கழித்து, ஆய்வாளர்கள் பழைய ஆவணங்களைத் தூசி தட்டியபோதுதான். ஏன் இந்தப் பொய்? அப்பாவின் ஆசையை நிறைவேற்றியதாக ஊரை நம்பவைக்கணும்னா, இல்லை தன்னையே நம்பவைக்கணும்னா? இரண்டாவதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. நிரூபிக்க முடியாது, விடுங்க.

ஒரு வருடம்தான் வாத்தியார் வேலை. 1914-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் யெர்கிஸ் வான்நோக்கு நிலையத்தில் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தார். மங்கலான நெபுலாக்களைப் போட்டோ எடுப்பது அவருடைய ஆய்வு. 1917-ல் அமெரிக்கா முதல் உலகப்போரில் இறங்கியதும், ஆய்வேட்டை அவசரமாக முடித்துவிட்டு ராணுவத்துக்குப் போனார். மேஜர் பதவி வரை உயர்ந்தார். அவர் இருந்த படைப்பிரிவு நேரடிச் சண்டையில் இறங்கவே இல்லை. ஆனாலும் வீடு திரும்பிய பிறகும் மேஜர் ஹப்பிள் என்று அழைக்கப்படுவதை அவர் ரசித்தார்.

1919-ல் கலிஃபோர்னியாவின் மவுன்ட் வில்சனுக்கு வந்து சேர்ந்தார். பசடேனா நகருக்கு மேலே சுமார் 1,700 மீட்டர் உயரத்தில் மலை. அங்கே 100 அங்குலக் கண்ணாடி வைத்த ஹூக்கர் தொலைநோக்கி. அன்றைக்கு உலகத்திலேயே பெரியது அதுதான்.

மூன்று எழுத்து

இப்போது ஒரு விஷயத்தை நீங்கள் மறக்கணும். பிரபஞ்சத்தில் கோடிக்கணக்கான கேலக்ஸிகள் இருக்கின்றன என்று நமக்கு ஸ்கூலிலேயே சொல்லிவிட்டார்கள் இல்லையா, அதை மறந்துடுங்க. 1919-ல் யாருக்கும் அது தெரியாது. வானத்தில் சுழல் சுழலாகத் தெரியும் மங்கலான பஞ்சுப்பொதிகள் நம் பால்வீதிக்குள்ளேயே இருக்கும் வாயு மேகங்களா, இல்லை பால்வீதியைப் போலவே தனித்தனி நட்சத்திரத் தீவுகளா? 1920 ஏப்ரலில் வாஷிங்டனில் இதைப் பற்றி ஹார்லோ ஷேப்லி, ஹீபர் கர்டிஸ் என்ற இரண்டு வானியலாளர்கள் மேடை போட்டு விவாதித்தார்கள். எல்லாம் பால்வீதிதான் என்பது ஷேப்லி கட்சி. தனித்தனி என்பது கர்டிஸ் கட்சி. தீர்ப்பு சொல்ல யாரிடமும் அளவுகோல் இல்லை.

ஷேப்லியும் மிசூரிக்காரர்தான், மவுன்ட் வில்சனில்தான் வேலை பார்த்தார். சொந்த மாகாணத்துப் பேச்சை மாற்றாமலே பேசியவர். அதே மண்ணிலிருந்து வந்து ஆக்ஸ்ஃபோர்டு பாணியில் பேசுகிற ஹப்பிளைப் பார்த்தாலே அவருக்கு எரிச்சல். 1921-ல் அவர் ஹார்வர்டுக்குக் கிளம்பிப் போய்விட்டார். பெரிய தொலைநோக்கி இங்கே, ஷேப்லி அங்கே. வாழ்க்கையில் அவர் செய்த பெரிய தப்பு இதுவாகத்தான் இருக்கும்.

1923 அக்டோபர் 5 ராத்திரி. ஹப்பிள் ஆண்ட்ரோமீடா நெபுலாவை ஒரு கண்ணாடித் தகட்டில் படம் எடுத்தார். உங்கள் போன் ஒரு விநாடிக்குள் எடுத்துவிடும் படத்துக்கு அவருக்கு 45 நிமிடம் தேவைப்பட்டது. மலை உச்சிக் குளிரில், பூமி சுற்றச் சுற்ற தொலைநோக்கியை நூல் பிசகாமல் திருப்பிக்கொண்டே இருக்கவேண்டும். தகட்டைக் கழுவிப் பார்த்தால் முன்பு இல்லாத மூன்று புள்ளிகள். திடீரென வெடித்துப் பிரகாசிக்கும் நோவாக்கள் என்று நினைத்து, ஒவ்வொன்றின் பக்கத்திலும் இங்க்கில் என் என்று எழுதினார். பிறகு பழைய தகடுகளை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தபோது, அதில் ஒரு புள்ளி முன்பும் இருந்திருக்கிறது. மங்குகிறது, மறுபடி பிரகாசிக்கிறது. நோவா அப்படிச் செய்யாது. என் எழுத்தை அடித்துவிட்டு, மாறும் நட்சத்திரம் என்பதற்கான மூன்றெழுத்துச் சுருக்கத்தைப் பெரிதாக எழுதினார். பக்கத்தில் ஓர் ஆச்சரியக்குறி. இறுக்கமான அந்த மனிதர் உணர்ச்சியைக் காட்டிய அபூர்வமான இடம் அது.

அந்தப் புள்ளி ஏன் அவ்வளவு முக்கியம்? அதற்கு இன்னொருவரைப் பற்றிச் சொல்லியாகணும். ஹென்ரியட்டா லீவிட். ஹார்வர்டு வான்நோக்கு நிலையத்தில் மணிக்கு 30 சென்ட் சம்பளத்துக்கு, போட்டோ தகடுகளில் நட்சத்திரங்களை எண்ணிக் கணக்கெடுத்தவர். காது சரியாகக் கேட்காது. பெண் என்பதால் தொலைநோக்கியைக் கையாளும் வாய்ப்பு கிடையாது. செஃபீட் என்ற ஒருவகை நட்சத்திரங்கள் சீராக மங்கி, மின்னிக்கொண்டே இருக்கும். மின்ன எத்தனை நாள் எடுத்துக்கொள்கிறதோ, அதைப் பொறுத்தது அதன் நிஜமான பிரகாசம் என்பதை அவர் கண்டுபிடித்தார். 1912-ல் அது அச்சில் வந்தது. மெதுவாக மின்னுவது பெரிய விளக்கு, வேகமாக மின்னுவது சின்ன விளக்கு. ராத்திரி ஹைவேயில் எதிரே வரும் லாரி ஹெட்லைட்டின் பவர் உங்களுக்குத் தெரிந்தால், கண்ணுக்கு எவ்வளவு மங்கலாகத் தெரிகிறது என்பதை வைத்து அது எவ்வளவு தள்ளி வருகிறது என்று கணக்குப் போட்டுவிடலாம் இல்லையா? அதேதான். 1925-ல் ஸ்வீடன் கணித மேதை மிட்டாக் லெஃப்லர் அவரை நோபலுக்குப் பரிந்துரைக்க நினைத்துக் கடிதம் எழுதினார். அதற்கு நான்கு வருடம் முன்பே லீவிட் புற்றுநோயில் இறந்துவிட்டிருந்தார்.

ஹப்பிளின் செஃபீட் மின்ன 31 நாள் ஆனது. அதாவது, சூரியனைவிட ஆயிரக்கணக்கான மடங்கு பிரகாசம். ஆனாலும் புள்ளியாகத்தான் தெரிகிறது என்றால் தூரம் ஒன்பது லட்சம் ஒளியாண்டுக்கு மேல்! பால்வீதியின் அகலம் ஷேப்லியின் கணக்குப்படியே மூன்று லட்சம் ஒளியாண்டுதான். ஆண்ட்ரோமீடா உள்ளே அடங்காது. அது வேறொரு கேலக்ஸி. இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், ஹப்பிள் இந்தக் கணக்குக்குப் பயன்படுத்தியது ஷேப்லி திருத்தி அமைத்த செஃபீட் அளவுகோலைத்தான். கடிதம் ஹார்வர்டுக்குப் போனபோது ஷேப்லியின் அறையில் இருந்தவர் செசிலியா பெய்ன் என்ற இளம் ஆராய்ச்சியாளர். தன் பிரபஞ்சத்தையே இந்தக் கடிதம் அழித்துவிட்டது என்ற அர்த்தத்தில் ஷேப்லி அவரிடம் சொன்னாராம். அவர் சண்டை போடவில்லை. ஏற்றுக்கொண்டார்.

1925 ஜனவரி 1 அன்று வாஷிங்டனில் நடந்த விஞ்ஞானிகள் கூட்டத்தில் ஹப்பிளின் கட்டுரை வாசிக்கப்பட்டது. ஹப்பிள் அங்கே போகக்கூட இல்லை, வேறொருவர் வாசித்தார்.

கழுதை ஓட்டியவரும் கால்சியமும்

இனி கேலக்ஸி ஆராய்ச்சி வானியலாளர்களின் தனிச்சொத்தாக இருக்க முடியாது. எப்படின்னு பாருங்க.

உங்கள் பல்லிலும் எலும்பிலும் இருக்கிற கால்சியம் நட்சத்திரங்களிலும் இருக்கிறது. ஒளியை நிறமாலையாகப் பிரித்தால் ஒவ்வொரு தனிமமும் தனக்கென்று சில கோடுகளைப் போடும், கைரேகை மாதிரி. ஜெர்மனியில் புன்சன் என்ற வேதியியலாளரும் கிர்க்காஃப் என்ற இயற்பியலாளரும் 1860 வாக்கில் நிறுவிய விஷயம் இது. புன்சன் பர்னர்னு கெமிஸ்ட்ரி லேபில் பற்றவைப்பீங்களே, அதே புன்சன். கேலக்ஸி நம்மைவிட்டு விலகிப்போனால் இந்தக் கோடுகள் சிவப்புப் பக்கம் நகர்ந்து தெரியும். எவ்வளவு நகர்கிறதோ அவ்வளவு வேகம். அரிசோனாவில் வெஸ்டோ ஸ்லைஃபர் என்பவர் 1912 முதலே பொறுமையாக இதை அளந்துகொண்டிருந்தார். ஆண்ட்ரோமீடா போன்ற சில விதிவிலக்குகள் தவிர பெரும்பாலான சுழல்கள் விலகித்தான் ஓடின.

மவுன்ட் வில்சனில் இந்த வேலையைச் செய்தவர் மில்டன் ஹ்யூமசன். இவரைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம். 14 வயதில் ஸ்கூலை விட்டவர். மலைக்குச் சாமான் ஏற்றும் கோவேறு கழுதைகளை ஓட்டியவர். அங்கிருந்த இன்ஜினீயரின் மகளைக் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டார். வான்நோக்கு நிலையத்தில் துப்புரவுப் பணியாளராகச் சேர்ந்து, இரவில் உதவிக்கு நின்று, கையின் நிதானத்தால் வானியலாளர் ஆனார். மங்கலான ஒரு கேலக்ஸியின் நிறமாலைக்கு ஒரே தகட்டை இரவு இரவாக மூடித் திறந்து, மொத்தம் 30, 40 மணி நேரம் வெளிச்சம் காட்டவேண்டியிருந்தது. அத்தனையும் தகட்டில் நகர்ந்திருக்கும் இரண்டு கால்சியம் கோடுகளுக்காக.

1929-ல் ஹப்பிள் 24 கேலக்ஸிகளின் தூரத்தையும் வேகத்தையும் ஒரே வரைபடத்தில் வைத்தார். தூரம் இரு மடங்கானால் வேகமும் இரு மடங்கு. நேர்க்கோடு! ஆனால், அந்தக் கட்டுரையில் ஓர் உறுத்தல் உண்டு. வேகங்களில் பெரும்பாலானவை ஸ்லைஃபர் அளந்தவை. அவருக்கு உரிய நன்றி அந்த அட்டவணையில் இல்லை. இரண்டு வருடம் முன்பே பெல்ஜியத்தில் ஜார்ஜ் லெமைத்ர் என்ற பாதிரியார், ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளிலிருந்தே பிரபஞ்சம் விரிவதைக் கணக்கிட்டு எழுதியிருந்தார். பிரெஞ்சில், அதிகம் பேர் படிக்காத இதழில் வந்ததால் கவனிப்பாரில்லை. 2018-ல்தான் சர்வதேச வானியல் சங்கம் வாக்கெடுப்பு நடத்தி, அந்த விதியை ஹப்பிள் - லெமைத்ர் விதி என்று அழைக்கப் பரிந்துரைத்தது.

பூமிக்கு வயசு அதிகம்!

இப்போது கதையின் பெரிய சிக்கல். சென்னையிலிருந்து மதுரைக்கு வந்த பஸ்ஸின் வேகமும், வந்த தூரமும் தெரிந்தால் எத்தனை மணிக்குக் கிளம்பியது என்று சொல்லிவிடலாம். கேலக்ஸிகளுக்கும் இதே கணக்குதான். ஹப்பிளின் எண்ணை வைத்துப் பின்னோக்கிப் போனால், எல்லாம் ஒன்றாக இருந்தது சுமார் 200 கோடி ஆண்டுகளுக்கு முன்பு.

இன்னொரு பக்கம் புவியியலாளர்கள். ஆர்தர் ஹோம்ஸ் என்ற ஆங்கிலேயர், பாறைக்குள் யுரேனியம் சிதைந்து ஈயமாவதைக் கடிகாரமாக வைத்து பூமியின் வயதைக் கணக்கிட்டுக்கொண்டிருந்தார். 1940-களில் அவர் வந்து நின்ற எண் 300 கோடி ஆண்டுக்கும் மேல். அதாவது, பிரபஞ்சத்தைவிட பூமி மூத்தது. அம்மாவைவிட மகளுக்கு வயசு அதிகம்!

சிரிக்காதீங்க, அன்றைக்கு இது நிஜமான தலைவலி. யார் தப்பு? தொலைநோக்கியா, பாறையா? ஹப்பிள் இந்த இடத்தில் நடந்துகொண்ட விதம்தான் எனக்கு அவர்மேல் மரியாதை வரவைக்கிறது. தன் வாழ்க்கையைப் பற்றி அவ்வளவு கூச்சமில்லாமல் கதைவிட்ட மனிதர், தன் அளவீட்டைப் பற்றி ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லவில்லை. பிரபஞ்சம் விரிகிறது என்று அடித்துச் சொல்ல அவர் கடைசிவரை தயங்கினார். கட்டுரைகளில் வேகம் என்று எழுதாமல், வேகம் போலத் தோன்றுவது என்ற பொருளில்தான் எழுதினார். 1931-ல் ஐன்ஸ்டைனே மவுன்ட் வில்சனுக்கு வந்துபோனார், அந்த வருடமே விரியும் பிரபஞ்சத்தை ஏற்றும்கொண்டார். ஹப்பிள் அசையவில்லை.

நடுவே புகழுக்கு ஒரு குறையும் இல்லை. எழுத்தாளர் ஆல்டஸ் ஹக்ஸ்லி நெருங்கிய நண்பர். ஹாலிவுட் பிரபலங்களோடு விருந்து. 1948-ல் டைம் இதழின் அட்டைப்படம். அவர் ஆசைப்பட்டு கிடைக்காதது நோபல் மட்டும்தான். அன்றைக்கு இயற்பியல் பரிசுக்கு வானியலைக் கணக்கில் எடுக்கும் வழக்கமில்லை.

இரண்டாம் உலகப்போர் வந்ததும் ஹப்பிள் மறுபடி கிளம்பினார். மேரிலாண்டில் ராணுவச் சோதனைத் தளத்தில், பீரங்கிக் குண்டுகள் பறக்கும் பாதையைக் கணக்கிடும் பிரிவுக்குத் தலைமை. அவர் இல்லாத மலையில் வால்டர் பாடே என்ற ஜெர்மன்காரர் இருந்தார். எதிரி நாட்டுக் குடிமகன் என்பதால் போர் வேலைக்கு எடுக்க மாட்டார்கள். குண்டுவீச்சு பயத்தில் லாஸ் ஏஞ்சலஸ் விளக்குகள் அணைக்கப்பட்டிருந்தன. இருட்டான வானம், உலகின் பெரிய தொலைநோக்கி, தடுக்க ஆளில்லை. பாடே ஆண்ட்ரோமீடாவின் மையத்தில் இருக்கும் நட்சத்திரங்களைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தார். நட்சத்திரங்களில் இளசு, பழசு என்று இரண்டு கூட்டம் இருப்பது புரிந்தது. செஃபீட்களிலும் இரண்டு வகை. அதுவரை இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டிருந்தார்கள்.

1952-ல் ரோமில் பாடே அறிவித்தார்: கேலக்ஸிகளின் தூரம் நாம் நினைத்ததுபோல் இரு மடங்கு. பஸ் கணக்கு ஞாபகம் இருக்கா? வேகம் அதேதான், தூரம் இரு மடங்கு என்றால் கிளம்பிய நேரமும் இரு மடங்கு முன்னால். பிரபஞ்சத்துக்கு வயசு ஏறியது. 1956-ல் கிளேர் பேட்டர்சன் என்ற வேதியியலாளர் விண்கல்லில் இருந்த ஈயத்தை அளந்து பூமியின் வயது 455 கோடி ஆண்டு என்றார். இரண்டு வருடத்தில் ஹப்பிளின் சீடர் ஆலன் சாண்டேஜ், குருவின் எண்ணை ஏழில் ஒரு பங்காகக் குறைத்தார். இன்றைய கணக்கில் பிரபஞ்சத்துக்கு 1,380 கோடி. பாறை சொன்னது சரி. ஹப்பிள் கண்ட நேர்க்கோடும் சரி, அளவுகோலில்தான் பிசகு.

சாண்டேஜின் திருத்தத்தைப் பார்க்க ஹப்பிள் இல்லை. பாலோமர் மலையில் 200 அங்குலத் தொலைநோக்கி தயாரானதும் 1949 ஜனவரியில் அதன் முதல் படத்தை எடுக்கும் மரியாதை அவருக்குக் கிடைத்தது. மாணவராக இருந்தபோது ஆராய்ந்த ஒரு சின்ன நெபுலாவை நோக்கித்தான் அதைத் திருப்பினார். அந்த ஜூலையில் மாரடைப்பு. தேறி வந்து, 1953 செப்டம்பரில் மறுபடி பாலோமருக்குப் போகத் தயாராகிக்கொண்டிருந்தார். 28-ம் தேதி மதியம் சாப்பாட்டுக்கு வீடு திரும்பும்போது, மனைவி கிரேஸ் ஓட்டிவந்த காரிலேயே, வீட்டு வாசலில் உயிர் பிரிந்தது. மூளையில் ரத்த உறைவு. வயது 63.

இறுதிச்சடங்கு நடக்கவில்லை. எங்கே வைத்தார் என்று கிரேஸ் கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை. இன்றுவரை ஹப்பிளுக்குக் கல்லறை எது என்று தெரியாது.

1990 ஏப்ரலில் அவர் பெயர் தாங்கிய தொலைநோக்கியை டிஸ்கவரி விண்கலம் சுமந்துகொண்டு கிளம்பியபோது, 1923-ம் ஆண்டுத் தகட்டின் நகல்களும் அதில் ஏறின. அசல் கண்ணாடி பசடேனாவில் பத்திரமாக இருக்கிறது. அடித்த எழுத்தும் ஆச்சரியக்குறியும் அப்படியே தெரிகின்றன.